றிம்முக்குச் செலவு, ரயரில் மிச்சம்: வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது எது?

வெள்ளவத்தையில் காலி வீதியோரமும் மரைன் டிரைவிலும் மாலை நேரங்களில் நிறுத்தப்பட்டிருக்கும் கார்களைக் கவனித்துப் பாருங்கள். ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், ரொயோட்டா கொறோலா என்று செடான் கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பலவற்றின் சில்லுகள் தொழிற்சாலையிலிருந்து வந்தவை அல்ல. 15 அங்குல றிம் இருந்த இடத்தில் 17 அல்லது 18 அங்குல அலோய் றிம் மாட்டப்பட்டிருக்கும். அதைச் சுற்றி நாடா கட்டியது போல மெல்லிய ரயர். பார்க்க அழகுதான். எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அழகு என்று சொல்வதில்லை. “இப்ப வளைவில நல்லாப் பிடிச்சுக்கொண்டு போகுது” என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கை பாதி சரி, பாதி பிழை. பிழையான பாதிதான் ஆபத்தானது.

காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், மீள்குடியேற்றம் என்று வாசிக்கும் உங்களுக்கு ரயரைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று தோன்றலாம். இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். வன்னியில் செய்தி சேகரிக்கப் போகும்போது செத்தவீடுகளில் ஒரு வசனத்தை நான் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறேன். “ஷெல்லுக்குத் தப்பின பிள்ளை, றோட்டில போட்டான்.” கொழும்பில் வாங்கப்படும் எங்கள் கார்கள் கொழும்பிலேயே ஓடுவதில்லை. திருவிழா, கல்யாணம், திவசம் என்று இரவோடு இரவாக யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் மட்டக்களப்புக்கும் போய் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணன், அக்கா குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்தப் பயணத்தில் வீதிக்கும் காருக்கும் இடையில் இருப்பது நான்கு ரயர்கள் மட்டும்தான்.

நான்கு உள்ளங்கைகள்

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆட்களுடன் சேர்த்து ஒரு செடான் 1,300 கிலோ எடை என்று வைப்போம். ஒரு ரயருக்கு 325 கிலோ. காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. என்றால், அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ சுமையைத் தாங்கும். 325ஐ 2.25ஆல் வகுத்தால் 144 சதுர சென்ரிமீற்றர் வரும். அதாவது 12க்கு 12 சென்ரிமீற்றர். ஒரு பெரியவரின் உள்ளங்கை இருக்கும் அளவு. நான்கு ரயர்களும் சேர்ந்து வீதியைத் தொடும் இடம் ஓர் ஏ4 தாளைவிடச் சற்றுக் குறைவு. பிறேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது எல்லாம் அந்த ஒரு தாளுக்குள் நடந்து முடிய வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து முக்கியமான ஒரு விடயம் தெரிகிறது. வீதியைத் தொடும் பரப்பைப் பெருமளவில் தீர்மானிப்பது காரின் எடையும் காற்றழுத்தமும்தான். அகலமான ரயர் போட்டால் அந்தப் பரப்பு இரு மடங்காகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. பரப்பின் அளவு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். ஒடுங்கிய ரயரில் அது முன்பின்னாக நீண்டிருக்கும். அகன்ற ரயரில் குறுகி, பக்கவாட்டில் விரிந்திருக்கும். நேராக ஓடும்போது இந்த வித்தியாசம் அதிகம் தெரியாது. வளைவில்தான் தெரியும்.

வளைவில் நடப்பது

பள்ளிக்கூடத்தில் பாவித்த அழிறப்பரை நினைத்துப் பாருங்கள். அதை மேசையில் அழுத்தி வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால், உடனே வழுக்காது. முதலில் வளையும். இன்னும் தள்ளினால் இன்னும் வளையும். ஓர் எல்லைக்குப் பிறகு சடாரென்று வழுக்கும். ரயரும் இதைத்தான் செய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சில்லு பார்க்கும் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் இடையில் சிறிய கோணம் ஒன்று உண்டாகிறது. இதை வழுக்குக் கோணம் என்று சொல்லலாம். அந்தக் கோணத்தில் றப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, பழைய நிலைக்குத் திரும்ப முயலும்போது எழும் விசைதான் காரை வளைவுக்குள் தள்ளுகிறது. சாதாரண வீதி ரயர்களில் சில பாகை கோணம் வரை இந்த விசை கூடிக்கொண்டே போகும். அதன்பின் கூடாது. அங்கேதான் கார் வழுக்கத் தொடங்குகிறது.

எவ்வளவு விசை தேவை என்பதைத் தீர்மானிப்பது வேகம். பள்ளிக்கூடத்தில் படித்த மையநாட்ட விசைதான் இது. வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்காகும். 50 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவை எடுப்போம். காய்ந்த தார் வீதியில் நல்ல ரயரின் உராய்வுக் குணகம் 0.9 என்று வைத்தால், அந்த வளைவில் காரின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். மழையில் அது 0.6 ஆகக் குறைந்தால் 62. தேய்ந்து இறுகிய ரயரில் 0.4க்கு இறங்கினால் 50. அதே கார், அதே சாரதி, அதே வளைவு. நேற்று 60இல் எடுத்த வளைவை இன்று மழையில் பழைய ரயருடன் 60இல் எடுக்க முடியாது. முடியவில்லை என்பது தெரிய வரும்போது கார் வீதிக்கு வெளியே நிற்கும்.

வளைவில் இன்னொன்றும் நடக்கிறது. காரின் சுமை உள்பக்கச் சில்லுகளிலிருந்து வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. வெளிப்பக்க ரயருக்கு மேலதிக சுமை, அதனால் மேலதிக பிடிமானம், கணக்குச் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆகாது. றப்பரின் இயல்பு அப்படி. சுமை இரு மடங்கானால் பிடிமானம் இரு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடும். ஆகவே சுமை எவ்வளவு அதிகமாக ஒரு பக்கம் மாறுகிறதோ, அவ்வளவுக்கு மொத்தப் பிடிமானம் குறைகிறது. ஸ்போர்ட்ஸ் செடான்கள் தாழ்வாகவும், சில்லுகளுக்கிடையே அகலமாகவும் கட்டப்படுவது இதனால்தான். உயரமான வானில் கூரைக்கு மேல் சாமான் கட்டிக்கொண்டு போகும்போது வளைவு பயமுறுத்துவதும் இதனால்தான்.

றிம் பெரிதானால் எது மாறும்?

ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 195/65 ஆர் 15 என்றால் ரயரின் அகலம் 195 மில்லிமீற்றர். அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். றிம்மின் விட்டம் 15 அங்குலம். கொறோலா போன்ற பல செடான்களில் இந்த அளவைக் காணலாம். இதற்கு மாற்றாக 205/55 ஆர் 16, 225/45 ஆர் 17, 225/40 ஆர் 18 ஆகியவை போடப்படுகின்றன. நான்கினதும் மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 632 முதல் 637 மில்லிமீற்றர் வரைதான். எனவே ஸ்பீடோமீற்றர் அதிகம் பிழை காட்டாது. மாறுவது பக்கச்சுவர். 15 அங்குல றிம்மில் 127 மில்லிமீற்றர் உயரமாக இருந்த சுவர், 18 அங்குலத்தில் 90 ஆகச் சுருங்கிவிடுகிறது.

உயரமான பக்கச்சுவர் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் தான் வளைந்து, பிறகுதான் வீதியில் உள்ள றப்பரைத் திருப்பும். கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். குட்டையான சுவர் உடனே திருப்பும். பெரிய றிம் போட்டவர்கள் “நல்லாப் பிடிக்குது” என்று சொல்வது பெரும்பாலும் இந்த உடனடிப் பதிலைத்தான். ஆனால் ஸ்டியரிங் விரைவாகப் பதில் சொல்வது வேறு, பிடிமானத்தின் உச்ச எல்லை வேறு. முதலாவதைத் தருவது பக்கச்சுவர். இரண்டாவதைத் தருவது பெருமளவில் றப்பர் கலவையும் அதன் வயதும். மலிவான கடின றப்பர் ரயரை 18 அங்குல றிம்மில் போட்டால், கார் விறைப்பாகத் திரும்பும். சாரதிக்கு நம்பிக்கை கூடும். எல்லை மட்டும் கூடியிருக்காது. முன்பு 55இல் போனவர் 65இல் போவார்.

எங்கள் வீதிகளில் இதற்கு வேறு விலையும் உண்டு. பெரிய றிம் பெரும்பாலும் சிறியதைவிடப் பாரமானது. சில்லு பாரமானால் குண்டு குழியில் மேலே எழும்பிய ரயர் மீண்டும் வீதிக்கு இறங்க நேரமெடுக்கும். வீதியைத் தொடாத ரயருக்குப் பிடிமானம் பூச்சியம். வளைவின் நடுவில் ஒரு வெட்டுப் பள்ளம் வந்தால், மெல்லிய ரயர் போட்ட கார் பக்கவாட்டில் துள்ளுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அந்தப் பள்ளத்தில் பக்கச்சுவர் நசிந்து றிம்மின் விளிம்பு வளைவதும், ரயரின் பக்கத்தில் கட்டி போல வீங்குவதும் உண்டு. வீக்கம் என்றால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த ரயர் எந்த நேரமும் வெடிக்கலாம்.

றிம்மிலும் ரகங்கள் உண்டு. ஜப்பானின் அலோய் றிம் தரத்தைக் குறிக்கும் ஜே.டபிள்யூ.எல். அடையாளம் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போலிகளிலும் அதை வார்க்கலாம் என்பதால் அது மட்டும் போதாது. ஆனால் அதுவும் இல்லாத றிம்மைத் தொடவே வேண்டாம். அடுத்தது, றிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பது. மட்காட்டுக்கு வெளியே சில்லு தெரிந்தால் கார் அகலமாகத் தோன்றும் என்பதற்காகச் சிலர் இடையில் ஸ்பேசர் தட்டு வைக்கிறார்கள். இதனால் சில்லு பெயாரிங்கில் கூடுதல் சுமை ஏறும், பிறேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், ஆட்களை நிறைத்துக்கொண்டு போகும்போது ரயர் மட்காட்டில் உரசும். தொழிற்சாலை வகுத்த அளவுக்கு அண்மையில் நிற்பதே நல்லது.

கோயம்புத்தூர்க்காரரின் ஐந்து புள்ளிகள்

ஒரே வளைவில் இரண்டு விதமான ரயர்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு. அதில் ஒரு தமிழரும் இருக்கிறார்.

2005 ஜூன் 19ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானாபொலிஸில் போர்மியூலா வன் போட்டி. இரண்டு நாட்களுக்கு முன்னர் நடந்த பயிற்சியில், சாய்வாகக் கட்டப்பட்ட 13ஆம் இலக்க வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் காரின் ரயர் செயலிழந்து, கார் சுவரில் மோதியது. மிஷெலின் நிறுவனம் தனது ரயர்களை ஆராய்ந்துவிட்டு, அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால் அவை பாதுகாப்பானவை என்று உறுதி சொல்ல முடியாது என்றது. வளைவுக்கு முன் வேகத்தடை போன்ற ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. மிஷெலின் ரயர் போட்டிருந்த 14 கார்களும் ஆயத்தச் சுற்றுடன் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் ரயர் போட்டிருந்த 6 கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் அணிக்காக ஓடிய கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். போர்மியூலா வன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

அந்த 14 கார்களில் அந்தக் காலத்தின் மிக வேகமான கார்களும் மிகத் திறமையான சாரதிகளும் இருந்தார்கள். ஒரு வளைவு, அதற்குப் பொருந்தாத ஒரு ரயர். அத்தனை திறமையும் அங்கே செல்லாமல் போனது. மிஷெலினின் ரயர் மோசமான ரயர் அல்ல. வேறு பல ஓடுதளங்களில் வென்ற ரயர்தான். அந்த வளைவில் அதன் மீது விழுந்த சுமைக்கு அது தாங்கவில்லை, அவ்வளவுதான். ‘நல்ல ரயர்’ என்று தனியாக ஒன்று இல்லை. இந்த வீதிக்கு, இந்தச் சுமைக்கு, இந்தக் காலநிலைக்கு நல்ல ரயர் என்றுதான் கேட்க வேண்டும்.

றப்பரும் வயதும்

ரயர் வீதியைப் பிடிப்பது இரண்டு வழிகளில். ஒன்று, றப்பர் வீதியின் மேற்பரப்புடன் மூலக்கூறு அளவில் ஒட்டுகிறது. மற்றது, வீதியின் சிறு கற்களுக்கிடையே அமிழ்ந்து அவற்றைக் கவ்வுகிறது. இரண்டுக்கும் றப்பர் மென்மையாக இருக்க வேண்டும். இயற்கை றப்பர், செயற்கை றப்பர், காபன் கரி, சிலிக்கா, எண்ணெய், கந்தகம் ஆகியவற்றின் கலவைதான் அந்த மென்மையைத் தீர்மானிக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து காபன் கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாக சிலிக்கா சேர்க்கப்படத் தொடங்கியதுதான் ஈரமான வீதிப் பிடிமானத்தில் வந்த பெரிய மாற்றம்.

றப்பருக்கும் எங்களுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்து வழியாக வந்த றப்பர் கன்றுகள் கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் அந்த மரங்களிலிருந்து பால் வெட்டிய கைகளில் பெரும் எண்ணிக்கையானவை மலையகத் தமிழர்களின் கைகள்.

றப்பர் முதுமையடையும். ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் அதை இறுக்குகின்றன. கார் ஓடினாலும் இறுகும், ஓடாமல் நின்றாலும் இறுகும். இது எங்கள் நாட்டில் முக்கியமான விடயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ரயர் இறக்குமதியும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானது. 2022இல் ரூபாய் சரிந்தது, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம், கார்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தன. தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ கார்கள் ஒரே ரயருடன் வயதாகின. தேயாததால் அவை புதியவை போலத் தெரிகின்றன. உள்ளே கல்லாகியிருக்கின்றன.

ஒரு பொருளை முடியும் மட்டும் பாவிப்பது எங்களுக்குப் போர் கற்றுத் தந்த பழக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் கைவிடாமல் ஓட வைத்தோம். அந்தக் கெட்டித்தனத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரயரில் மட்டும் அந்தப் பழக்கம் எங்களை ஏமாற்றுகிறது. எஞ்சின் பழுதானால் சத்தம் போடும், புகை விடும். ரயர் முதுமையடைந்தால் ஒன்றும் சொல்லாது. கடைசியில் ஒரு மழை நாளில், ஒரு வளைவில் மட்டும் சொல்லும். இப்போது நிலைமை இன்னும் விசித்திரமாகிவிட்டது. மிச்சம் பிடிக்க வேண்டிய றிம்மில் தாராளமாகச் செலவழிக்கிறோம், செலவழிக்க வேண்டிய றப்பரில் மிச்சம் பிடிக்கிறோம்.

கொட்டாஞ்சேனையில் ரயர் மாற்றும் கடையொன்றில் வேலை செய்யும் முல்லைத்தீவைச் சேர்ந்த ஒருவரிடம், வாடிக்கையாளர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். “எத்தினை இஞ்சி எண்டு கேப்பினம், என்ன விலை எண்டு கேப்பினம். எந்த வருசத்து ரயர் எண்டு கேட்டவையை விரல்விட்டு எண்ணலாம் தம்பி” என்றார்.

அந்த வருடத்தைக் கண்டுபிடிக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ரயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் நீண்ட குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளியே தெரியாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும், எவ்வளவு நல்ல நிலையில் தெரிந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பாவிக்கக்கூடாது என்பது பெரிய ரயர் நிறுவனங்களின் பொதுவான அறிவுரை. எங்கள் வெயிலுக்கு அந்தப் பத்து ஆண்டுகளை நான் நம்பமாட்டேன்.

பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பாவித்த ரயர் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் பனிக்காலத்துக்கென்று ஸ்டட்லெஸ் வகை ரயர்கள் உண்டு. பக்கச்சுவரில் மலையும் பனித்துகளும் சேர்ந்த அடையாளமோ ஸ்டட்லெஸ் என்ற சொல்லோ இருக்கும். தவாளிப்புகள் ஆழமாக, தொட்டால் மென்மையாக, நல்ல ரயர் போலத் தெரியும். உறைபனிக்காகச் செய்யப்பட்ட அந்த றப்பர் கொழும்பு வெயிலில் அளவுக்கு மீறி இளகி, வளைவில் நெளியும். மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மழை, காற்று, ஏ-9

மழையில் தவாளிப்புகளின் வேலை பிடிப்பதல்ல, தண்ணீரை வெளியேற்றி றப்பருக்கு வீதியைக் காட்டுவது. புதிய ரயரில் இவை 7 அல்லது 8 மில்லிமீற்றர் ஆழம். தவாளிப்புகளுக்குள்ளே குறுக்காகச் சிறிய மேடுகள் இருக்கும். றப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீற்றர். ரயர் முடிந்துவிட்டது. தண்ணீரை வெளியேற்ற முடியாத ரயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிறேக்கும் வெறும் அலங்காரம்.

மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான ரயர்களை வைத்துக் கண்டுபிடித்த சூத்திரத்தின்படி, மொட்டை ரயர் 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர் வேகத்தில் தேங்கிய நீரில் மிதக்கும். 20 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிய ரயர் 75இலேயே மிதக்கும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்று சில சாரதிகள் சொல்வது முற்றிலும் பிழை.

ஏ-9 வீதியில் வளைவுகளே குறைவு, அங்கே இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அந்த வீதியில் வளைவு வீதியில் இல்லை, மாட்டில் இருக்கிறது. இரவு ஒரு மணிக்கு மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் கறுப்பு மாடு ஒன்றோ, வெளிச்சமில்லாத சைக்கிள் ஒன்றோ முன்னால் நிற்கும்போது, நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டி எடுக்கும் அந்த ஒரு கணம், எந்த ஓடுதளத்து வளைவையும்விடக் கூர்மையான வளைவு. அதே கணத்தில் பிறேக்கையும் மிதிப்பீர்கள். அந்த ஏ4 தாளை இரண்டு வேலைகள் பங்கு போடும். பிறேக்குக்கு முழுவதும் போனால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஏ.பி.எஸ். அந்தப் பங்கீட்டைச் சீராக்கும். இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்கும்போது, றிம் எத்தனை அங்குலம் என்பது உதவப் போவதில்லை.

கடைக்குப் போகும்போது

18 அங்குல றிம்மும் அதற்கான மலிவு ரயரும் வாங்கும் காசில், கார் வந்தபோதிருந்த அளவில் அல்லது ஓர் அங்குலம் மட்டும் கூட்டி, தரமான புதிய ரயர்கள் நான்கும் வாங்கி, வீல் எலைன்மென்ற்றும் செய்துவிடலாம். எனக்குத் தெரிந்தவர்கள் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். வேகமாக ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும். பிடிமானம் வேண்டுமென்றால் முதலில் றப்பர், பிறகு எலைன்மென்ற், பிறகு ஷொக் அப்சோபர். றிம் கடைசி.

பல ரயர்களில் ட்ரெட்வெயர் என்று ஓர் எண் இருக்கும். 200க்கு அண்மையில் என்றால் பெரும்பாலும் மென்மையான, விரைவாகத் தேயும் ஸ்போர்ட்ஸ் ரகம். 500 என்றால் நீண்டகாலம் உழைக்கும் ரகம். அருகில் ட்ரக்ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என்ற தரமும் இருக்கும். அது ஈரத்தில் நேராகப் பிறேக் பிடிப்பதற்கான சோதனை, வளைவுக்கானது அல்ல. இருந்தாலும் சி தரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அளவுக்குப் பின்னால் வரும் 91 வி போன்ற குறியில், 91 என்பது ஒரு ரயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பதையும் காட்டும். கார் கம்பனி குறித்ததைவிடக் குறைந்த குறியுள்ளதை வாங்க வேண்டாம்.

இரண்டு ரயர்கள் வாங்கத்தான் வசதி என்றால், புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடுவதுதான் இங்கே வழக்கம், காரணமும் நியாயமாகவே தோன்றும். ஆனால் முன்ரயர் வழுக்கினால் கார் வளைவில் நேராகப் போகப் பார்க்கும். பயந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் திரும்பி வரும். பின்ரயர் வழுக்கினால் கார் சுழலும். சுழலும் காரைப் பிடிக்கத் தெரிந்த சாரதிகள் மிகச் சிலர். சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்குரிய காற்றழுத்தம் எழுதியிருக்கும். மாதம் ஒரு முறையாவது, ரயர் சூடாகும் முன்னர் அதைப் பாருங்கள். கடற்கரையை அண்டி வாழும் வெள்ளவத்தைக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். உப்புக்காற்றில் றிம்மின் விளிம்பு அரித்து, ரயர் அமரும் இடத்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும்.

சொந்தக் கார் இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஊருக்குப் போக வாடகைக்கு அமர்த்தும் காரோ வானோ வாசலில் வந்து நிற்கும்போது, சாமான் ஏற்றும் அந்தப் பத்து நிமிடத்தில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நான்கு ரயர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். கடைசி நான்கு இலக்கம், தவாளிப்பின் ஆழம், பக்கத்தில் வீக்கம், வெடிப்பு. பிழையாகத் தெரிந்தால் “அண்ணை, இந்த ரயரோட பிள்ளையளை ஏத்திக்கொண்டு வரேலாது, வேற வாகனம் அனுப்புங்கோ” என்று சொல்லுங்கள். சாரதி முகம் சுளிக்கலாம், புறப்பட ஒரு மணித்தியாலம் பிந்தலாம். நான் இரண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் வேறு வாகனம் வந்தது.